என்ன இருந்தாலும் அம்மா

கடையைத் திறந்து அலமாரிக் கண்ணாடிகளைத் துடைத்து முடிப்பதற்குள் முதலாளி ஸனூஸ் சுதர்ஷினியை உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"சுதா, ஒங்கட அம்மா கடை நம்பருக்குக் கோல் எடுத்தாங்க."

"அம்மாவா? என்னா சொன்னாங்க முதலாளி?"

அவர் மேசையில் கிடந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். "நீங்க கடையில இருந்து ஃப்ரேம் எடுத்துக்கிட்டுப் போய் வெளியில விக்கிறீங்களாம். ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டச் சொன்னாங்க. நான் நம்பல்ல. ஆனா பெத்த தாயே சொல்றப்போ... நானும் ஒரு தடவ சரக்கைப் பார்த்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒங்கள்ட்ட மறைக்க மனசு வரல்ல, அதான் சொல்றேன்."

பதுளை பஸாரில் மூக்குக்கண்ணாடி விற்கும் அந்தக் கடைக்கு அவள் கல்யாணத்துக்கு முந்தியே வேலைக்கு வந்தவள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது முதலாளி சாவியை அவள் கையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட இடத்தில் 'சரக்கைப் பார்த்துட்டேன்' என்ற ஒரு வார்த்தை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. யாராக இருந்தாலும் பார்த்திருப்பார்கள். அதுதான் அவளை அதிகமாக எரித்தது.

வெளியே வந்ததும் கூட வேலை செய்யும் றின்ஸா காதைக் கடித்தாள். "ஒங்கட அம்மாவா அப்படிச் சொன்னாங்க? போன மாசம் வந்து எனக்குப் பலாக்கொட்டைக் கறி தந்து, நீயும் என் மகதான்னு கட்டிப்பிடிச்சாங்களே!"

"அதே அம்மாதான்" என்றாள் சுதர்ஷினி.

காரணம் அவளுக்குத் தெரியும். முந்தின ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா இருக்கும் மடுல்சீமைக்குப் போகவில்லை. மகள் திலுக்ஷிக்குக் காய்ச்சல். போனில் சொன்னபோது, "எனக்கு மகளே இல்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று அம்மா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அம்மா சத்தம் போட்டால் சமாளிக்கலாம். சும்மா இருந்தால்தான் எங்கோ வெடி வைக்கிறாள் என்று அர்த்தம்.

பாக்கியலெட்சுமி மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்தின் கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில், தனியாக இருந்தாள். தெரியாதவர்கள் பார்த்தால் இப்படியொரு மனுஷி கிடைக்குமா என்பார்கள். சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். லயத்துக்குப் புதிதாக யாராவது குடிவந்தால் அவர்கள் அடுப்பு மூட்டும் முன்னே ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுபோய்க் கொடுப்பாள். "நீ என் வயித்துல பொறந்திருக்க வேண்டியவ" என்பாள். அந்தப் பாசம் வேஷமில்லை. வேஷமாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். ஒரு மாதமோ இரண்டு மாதமோ அந்தப் பாசம் ஓடும். பிறகு ஒரு நாள் அந்த மனுஷி இவளைக் கவனிக்காமல் கடைக்குப் போயிருப்பாள், அல்லது அடுத்த காம்பிராக்காரியோடு நின்று சிரித்திருப்பாள். அன்றோடு சரி. அவள் செய்வினைக்காரி, குடும்பத்தைக் கெடுக்க வந்தவள். லயத்தில் பாக்கியலெட்சுமிக்குத் தெய்வமாக இருந்து பேயாக மாறாத ஆள் கிடையாது. சிலர் பேயாகி மறுபடி தெய்வமாகியும் வந்திருந்தார்கள்.

சுதர்ஷினியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா தன்னைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லவில்லை என்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிட்டாள். கோயிலில் எல்லோரும் காத்திருக்க முகூர்த்தம் போய்விட்டது. "ராகு காலத்துல கட்டுன தாலி, அதான் இவ்வளவு உறுதியா நிக்கிது" என்று அவள் புருஷன் சிவஞானம் இப்போது சிரிப்பான். அன்று அவனுக்கும் சிரிப்பு வரவில்லை. தம்பி ஜெயரூபன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்குப் போனதோடு போன் நம்பரை மாற்றிக்கொண்டான். அக்காவுக்கு மட்டும் புது நம்பரைக் கொடுத்து, அம்மாவிடம் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினான். ஆக, மிச்சம் இருந்தது சுதர்ஷினி ஒருத்திதான்.

மிச்சம் இருந்தவளுக்குத்தான் நெஞ்சு நோவு வரும். அதாவது அம்மாவுக்கு வரும், போன் இவளுக்கு வரும். "நெஞ்ச அடைக்குதுடி. நீ வர்றதுக்குள்ள போயிருவேன்." சுதர்ஷினி லீவு சொல்லி, பஸ் மாறி, குண்டும் குழியுமான பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேர்வாள். அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்து யாரோடாவது வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். "நான் சொன்னேன்ல, எம்புள்ள ஓடி வருவான்னு" என்று பக்கத்திலிருப்பவளிடம் பெருமை அடிப்பாள்.

கடை விவகாரம் நடந்த மறுநாள் சுதர்ஷினி தானாகவே பஸ் ஏறினாள். வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுக்கொண்டே போனவள், காம்பிரா வாசலில் கால் வைத்ததும் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களேம்மா! நான் திருடியா?"

"நான் எங்கடி அப்படிச் சொன்னேன்? அந்த ஆளு காதுல என்னா வுழுந்துச்சோ." பிறகு அழுகை. அழுகை முடிந்ததும், "வேல போனா நீ என்கூட வந்து இருப்பேன்னு நெனச்சிட்டேன்டி. பாசத்துலதான சொன்னேன்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சூதும் இல்லை. சுதர்ஷினிக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அம்மா சீனிச் சம்பலும் ரொட்டியும் எடுத்து வைத்துவிட்டாள். தலையை அவிழ்த்து எண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்த விரல்கள் பட்டதும் கோபமெல்லாம் கரைந்து, நாம்தான் பெரிதுபடுத்திவிட்டோமோ என்றுகூட நினைத்துவிட்டாள்.

"சரிம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்ததுதான் தாமதம். எண்ணெய்ப் போத்தல் முற்றத்தில் போய் விழுந்து உடைந்தது. "போ! தின்னுட்டுப் போறதுக்குத்தான வந்த? ஒன் புருஷனும் புள்ளையும்தான் ஒனக்குச் சொந்தம். நான் செத்தா மூஞ்சில முழிக்காத!" லயமே வெளியே வந்துவிட்டது. மகள் அடித்துவிட்டுப் போகிறாள் என்று அம்மா நெஞ்சில் அறைந்துகொண்டாள். கங்காணி ஒருவர் சுதர்ஷினியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "என்ன இருந்தாலும் அம்மா இல்லையாம்மா. நீங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."

அந்த 'என்ன இருந்தாலும்' அவளுக்குப் புதிதில்லை. கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத மனுஷிகூடச் சொல்லியிருக்கிறாள். என்னதான் இருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த வாரம் அவள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் டொக்டர் கேசினியைப் பார்க்கப் போனாள். போன வருடம் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா அம்மாவை நெஞ்சு நோவுக்குப் பதுளைக்கு அனுப்பியபோது, இருதயத்தில் ஒன்றுமில்லை என்று மனநலக் கிளினிக்கில் கேசினியிடம் மாற்றியிருந்தார்கள். முதல் தடவை, "டொக்டரு மகராசி, எம்மாம் நேரம் பேசுனா" என்று அம்மா கொண்டாடினாள். அடுத்த தடவை டொக்டர் இன்னொரு நோயாளியை முதலில் கூப்பிட்டுவிட்டாள். "அந்த யாழ்ப்பாணத்துப் பொண்ணுக்குத் திமிரு" என்று அம்மா போவதை அத்தோடு நிறுத்திவிட்டாள்.

கேசினி சின்ன வயதுக்காரிதான். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. "அம்மாவும் வந்தவவோ?" என்று கேட்டாள்.

"இல்லீங்க டொக்டர். அவங்களுக்கு ஏதாச்சும் நல்ல மாத்திரையாக் குடுங்க. நான் தேத்தண்ணியில கலந்தாவது குடுத்திர்றேன்."

"அப்பிடி ஒருநாளும் செய்யக் கூடாது. செய்தாலும் இதுக்கெண்டு குளிசை இல்லை. நித்திரைக்கு, பதற்றத்துக்கு எண்டு குடுக்கலாம், அவ்வளவுதான். மகளுக்கு விளங்கப்படுத்துங்கோ எண்டு அம்மாவே முந்திச் சொன்னவ, அதாலை சொல்லுறன். இது காய்ச்சல் மாதிரி வந்து போற வருத்தம் இல்லை. ஆக்களோட பழகிற விதமே சின்ன வயசிலயிருந்து ஒரு மாதிரி உருவாகிப் போச்சு. ஆளுமைக் கோளாறு எண்டு சொல்லுவம். எல்லாரும் தன்னை விட்டுட்டுப் போயிடுவினம் எண்ட பயம் அவவுக்குப் பல மடங்கு. அந்தப் பயம் கோபமாத்தான் வெளியில வரும்."

"அப்ப அவங்க வேணும்னு செய்யலைங்கிறீங்களா?"

"சிலதை வேணுமெண்டுதான் செய்யிறா. ஆனால் வேற விதமாச் செய்யவும் அவவுக்குத் தெரியேல்லை. ரெண்டும் உண்மை."

சுதர்ஷினிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒன்று அம்மா நோயாளி என்று சொல்ல வேண்டும், பாவம் பார்க்கலாம். இல்லை கெட்டவள் என்று சொல்ல வேண்டும், விட்டுத் தொலைக்கலாம். இதென்ன இரண்டுங்கெட்டான்?

"கொணமாகாதா டொக்டர்?"

"இருந்து கதைச்சுச் செய்யிற சிகிச்சை இருக்கு. கன பேருக்கு நல்லாக் குறையுது. ஆனால் அவ வரவேணும்."

"வரமாட்டாங்க."

"அப்ப இப்போதைக்கு நீங்கள்தான் உங்கட பக்கத்தை மாத்தவேணும்."

"அவங்களுக்கு வருத்தம், மருந்து நான் குடிக்கணுமா?" குரல் உயர்ந்துவிட்டது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கேசினி சிரித்துவிட்டாள். "ஏறக்குறைய அப்பிடித்தான். எப்ப போன் எடுப்பீங்கள், எப்ப வருவீங்கள் எண்டதை அவ நல்ல மனசோட இருக்கேக்க சொல்லுங்கோ. பிறகு அவ அழுதாலும் அதுதான், சிரிச்சாலும் அதுதான். நெஞ்சு நோகுது, செத்துப்போவன் எண்டு சொன்னா மட்டும் பொய்யெண்டு விட்டுடாதேங்கோ. ஒவ்வொரு முறையும் உடனே உதவி போகவேணும். ஆனால் அந்த உதவி நீங்களாத்தான் இருக்கவேணும் எண்டில்லை. ஒண்டு சொல்லுறன், முதல்ல இன்னும் மோசமாகும்."

மோசமானது. விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை போன், பௌர்ணமிப் போயா லீவு நாளில் வருகை, இதுதான் என்று சுதர்ஷினி சொன்னபோது அம்மா சமர்த்தாகத் தலையாட்டினாள். மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. இவள் எடுக்கவில்லை என்றதும் சிவஞானத்துக்கு அடித்தாள். பிறகு திலுக்ஷியின் பள்ளிக்கூடத்துக்கு. எங்கிருந்தோ ஜெயரூபனின் புது நம்பரையும் பிடித்துவிட்டாள். வருடக்கணக்காக எட்டிப் பார்க்காத தம்பி அன்று அக்காவுக்குப் போன் எடுத்து, "என்னாக்கா இது, வயசான காலத்துல அம்மாவை இப்படியா அழ வுடுவ?" என்று கேட்டான்.

"நீ வந்து பாத்துக்கிறியாடா?"

"எனக்கு லீவு இல்லக்கா."

சுதர்ஷினி போனைக் கட்டிலில் வீசினாள். உடையாத போனாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஒரு மத்தியானம் மணி அடிப்பதைத் தாங்க முடியாமல், எடுத்துத்தான் பார்ப்போமே என்று எடுத்துவிட்டாள். அம்மா அருமையாகப் பேசினாள். அடுத்த நாள் அதே மத்தியானத்திலிருந்து விடாமல் மணி அடித்தது. பழையபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இந்தக் கோளாறு யாருக்கு என்றே அவளுக்குச் சில நேரம் சந்தேகம் வந்தது.

திலுக்ஷி நடனப் போட்டியில் ஆடவிருந்த அன்று, மேடைக்குப் பின்னால் மகளுக்குச் சலங்கை கட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. சிவஞானத்தின் போனுக்கு.

"நெஞ்ச இறுக்குது, இடது கை மரத்துப் போச்சுன்னு சொல்றாங்க" என்றான் அவன். "என்னா செய்யப்போற?"

கால்கள் தாமாகவே வாசல் பக்கம் திரும்பின. அம்மாவுக்கு இன்றைக்கு என்ன நாள் என்று தெரியும். தெரிந்துதான் அடிக்கிறாள். ஆனால் இந்தத் தடவை உண்மையாக இருந்தால்? இன்னும் கட்டாத மற்றச் சலங்கையைச் சிவஞானத்தின் கையில் கொடுத்துவிட்டு டிஸ்பென்சரி ஐயாவுக்குப் போன் எடுத்தாள். பிறகு ஆம்புலன்ஸுக்கு. கடைசியாக அம்மாவுக்கு.

"ஐயா இப்ப வர்றாரு. ஆம்புலன்ஸும் வருது. கதவைத் தொறந்து வெச்சிட்டுப் படுத்திருங்க. நான் சாயந்தரம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்குறேன்."

"ஆம்புலன்ஸா?" அம்மாவின் குரலில் நோவு ஒரு கணம் காணாமல் போயிற்று. "நீ வரலையா?"

"சாயந்தரம் வர்றேன்மா."

திலுக்ஷி ஆடினாள். கைதட்டினார்கள். சுதர்ஷினியும் தட்டினாள், ஆனால் மகள் என்ன ஆடினாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்தக் கோபம் அவளுக்கு அம்மா மேல் இன்றுவரைக்கும் இருக்கிறது.

சாயந்தரம் பதுளை ஆஸ்பத்திரி வார்ட்டில் அம்மா கல்யாண வீட்டுக்குக் கட்டும் மெரூன் சேலையில் உட்கார்ந்திருந்தாள். இருதயத்தில் குறையில்லை, ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நர்ஸ் 'தங்க மக' ஆகியிருந்தாள், பக்கத்துக் கட்டில் முஷ்ரிபா உயிர்த் தோழி ஆகியிருந்தாள். மகளைக் கண்டதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முஷ்ரிபாதான் பேசினாள். "நீங்கதானா மகள்? என்ன இருந்தாலும் பெத்த தாய். இப்படித் தனிய ஆம்புலன்ஸ்ல அனுப்புறதா?" சுற்றுக் கட்டில்களெல்லாம் சுதர்ஷினியைப் பார்த்தன.

அவளுக்குள் வழக்கமான வாக்குமூலம் கிளம்பி வந்தது. கல்யாணம், கடை, எண்ணெய்ப் போத்தல், எல்லாம் வரிசையாக. இத்தனை வருடமாக யாரைக் கண்டாலும் விளக்கம் சொல்லியே வாய் வலித்துப்போயிருந்தது. ஒருவரும் நம்பியதில்லை. நம்பினவர்களும் மறுநாள் அம்மாவிடமே போய்ச் சொன்னார்கள். சுதர்ஷினி கொண்டுவந்த சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்தாள். "ஆறிப்போகும், சாப்புடுங்கம்மா" என்றாள். பார்க்கும் நேரம் முடிய மணி அடித்ததும் எழுந்து போனாள். முதுகுக்குப் பின்னால் முஷ்ரிபா ஏதோ சொன்னது கேட்டது. சொல்லட்டும்.

மறுநாள் அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் தீர்மானத்தைச் சொல்லிவிட்டாள். "இனி என்னால தனியா இருக்க முடியாது. ஒன் வீட்டுக்கு வந்துர்றேன்."

"இல்லம்மா. மடுல்சீமைக்குக் கூட்டிட்டுப் போய் வுட்டுட்டு வர்றேன். போயாவுக்கு வருவேன். எங்க வீட்டுல இருக்க முடியாது."

அம்மா பஸ் நிலையம்வரை முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே நல்ல கூட்டமாகப் பார்த்து ஆரம்பித்தாள். "பாருங்க, பெத்தவளைத் தெருவுல வுடுறா! நல்லா இருப்பாளா இவ?" வடை விற்கிறவன் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். கொண்டக்டர் ஒருவன் சிங்களத்தில் என்னவென்று விசாரித்தான். சுதர்ஷினிக்குக் காது மடல்கள் கொதித்தன. பூமி பிளந்தால் நல்லது என்றுதான் அவளுக்கும் தோன்றியது. பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டவில்லை, கெஞ்சவுமில்லை. வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷமே சத்தம் நின்றுவிடும் என்பது தெரிந்தும் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் களைத்துவிட்டது. மடுல்சீமை பஸ் வந்ததும் தானாகவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பஸ் பஸறை டவுனைத் தாண்டி மேலே ஏறும்போது வெளியே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள், "ஏன்டி இப்படிக் கல்லா மாறிட்ட?"

"கல்லா மாறலம்மா. களைச்சுப் போச்சு."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நீ எந்திரிச்சுப் போறப்போ எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணும். இனி வரமாட்டேன்னு தோணும். அதுக்கப்புறம் வாயில என்னா வருதுன்னே தெரியாது." அம்மா இதை யாரிடமும் சொன்னதில்லை.

சுதர்ஷினி மெல்ல அவள் கையைப் பிடித்தாள். "அத டொக்டர்ட்ட சொல்றீங்களாம்மா? அதுக்குத்தான் அவங்க இருக்காங்க."

"நான் எதுக்குச் சொல்லணும்? என்னைப் பைத்தியம்னு காட்டி வீட்டைப் புடுங்கப் பாக்குறியா?" கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சுதர்ஷினிக்கு அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் ஏச்சு வாங்கினாள்.

அன்று அம்மாவைக் காம்பிராவில் விட்டு, தண்ணீர் பிடித்து வைத்து, கீழே போகும் பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தாள். "போயாவுக்கு வர்றேன்மா." பின்னாலிருந்து ஏதாவது பறந்து வரும் என்று தோள்கள் தாமாகக் குறுகின. வரவில்லை. கதவு மட்டும் லயமே அதிரும்படி சாத்தப்பட்டது.

போயாவுக்குச் சொன்னபடி போனாள். அன்று முழுக்க அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த போயாவுக்கு மீன் குழம்பு வைத்திருந்தாள். நடுவில் ஒரு தடவை கடைக்கும் போன் எடுத்தாள். "ஒங்கட மகளோட வீட்டுல பேசிக்கங்கம்மா" என்று ஸனூஸ் முதலாளி மரியாதையாக வைத்துவிட்டார். இரண்டு மூன்று மாதம் போனபின், நித்திரை வரவில்லை என்ற சாக்கில் அம்மா தானாகவே கிளினிக்குக்கு வந்து போனாள். அங்கே என்ன பேசினாள் என்று மகளிடம் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. அதற்கடுத்த தவணைக்குப் போகவில்லை. அதற்கும் அடுத்ததற்குப் போனாள்.

பகலில் வரும் போன்கள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. விளக்கு வைத்த பிறகு சுதர்ஷினியே அம்மாவுக்குப் போன் எடுப்பாள். சில நாள் அம்மா லயத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைப்பாள். சில நாள், "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்பதிலேயே ஆரம்பிப்பாள். அப்போது சுதர்ஷினி, "ஏசுனா வெச்சிருவேன்மா, நாளைக்கு எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். வைத்தபின் சமையலறையில் கொஞ்ச நேரம் பாத்திரங்கள் சத்தமாக உருளும். சிவஞானம் டி.வி. சத்தத்தைக் கூட்டுவான். பிறகு எல்லோரும் சாப்பிட உட்காருவார்கள்.